அடை வைப்பதிலிருந்து குஞ்சு தேறும் வரை: வீட்டுக் கோழி வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டுக் கொல்லையில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே குறைதான் வரும். “பன்னிரண்டு பொரித்தது, மூன்றுதான் நின்றது.” பொரிக்க வைப்பது கோழியின் வேலை, அதை அது நன்றாகவே செய்யும். நின்று வளர வைப்பதுதான் நம் வேலை. அதனால் இங்கே முட்டையைப் பற்றி எவ்வளவு இருக்கிறதோ, அதைவிடக் குஞ்சின் முதல் இரண்டு மாதத்தைப் பற்றி அதிகம் இருக்கும்.

எந்தக் கோழியை அடை வைக்கலாம்?

சிறுவிடைப் பெட்டைதான் என் முதல் தேர்வு. உடம்பு சிறியது, முட்டையை மிதித்து உடைக்காது, குஞ்சைக் காப்பதில் கெட்டிக்காரி. பெருவிடையும் சண்டைக்கோழி இனமும் அடை படுக்கும். ஆனால் உடல் கனம் என்பதால் முட்டை உடையும், பொரித்த முதல் நாளில் ஒன்றிரண்டு குஞ்சு காலடியில் நசுங்கும். வனராஜா போன்ற கலப்பினங்களிலும் முட்டைக்கென்றே வளர்க்கும் வெள்ளை லெகார்னிலும் அடைக் குணமே அநேகமாக எடுக்கப்பட்டுவிட்டது. அவற்றை நம்பி முட்டை சேர்க்க வேண்டாம்.

முதல்முறை அடைக்கு வரும் பெட்டைக்கு ஏழெட்டு முட்டை கொடுத்துப் பாருங்கள். பாதியில் எழுந்து போனாலும் நட்டம் குறைவு.

கோழி அடைக்கு வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முட்டையிட்டு முடித்தும் கூட்டைவிட்டு எழாது. கையைக் கொண்டுபோனால் இறகைச் சிலிர்த்து உறுமும், கொத்தும். கீழே இறக்கிவிட்டாலும் கொக்கொக்கென்று அடிக்குரலில் சத்தமிட்டுக்கொண்டே திரும்பப் போய்ப் படுக்கும். வயிற்றுப் பகுதியில் இறகு உதிர்ந்து தோல் தெரியும். அந்தச் சூடான வெறுந்தோல்தான் முட்டையில் படவேண்டும். இரண்டு இரவு தொடர்ந்து கூட்டிலேயே படுத்ததா என்று பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் இருட்டிய பிறகு முட்டையை வையுங்கள். பகலில் வைத்தால் கலைந்து எழுந்துவிடும் கோழிகள் உண்டு.

கடையில் வாங்கிய முட்டை பொரியுமா?

நாமக்கல்லிலிருந்து வரும் வெள்ளை முட்டை பொரியாது. அந்தப் பண்ணைகளில் கூண்டுக்குள் பெட்டை மட்டும்தான், சேவல் கிடையாது. கரு இல்லாத முட்டையை எத்தனை நாள் அடை வைத்தாலும் கூமுட்டைதான்.

உங்கள் கோழியின் முட்டையே நல்லது. எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்று இருந்தால் போதும். சேவல் ஒருமுறை மிதித்தால் பத்து நாளுக்கும் மேலாகப் பெட்டை கருமுட்டை இடும். இதனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வேறு சேவல் மாற்றி, அதன் வம்சம்தான் வேண்டும் என்றால், பழைய சேவலை எடுத்து மூன்று வாரம் கழிந்த பிறகு இடும் முட்டையைச் சேருங்கள்.

முட்டையை எத்தனை நாள் சேர்த்து வைக்கலாம்? எப்படி வைப்பது?

ஏழு நாள். பத்தாவது நாள் வரை இழுக்கலாம், ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் பொரிப்பு குறையும். நம் ஊர் வெயிலில் பிரச்சினை நாள் கணக்கு மட்டுமல்ல. அறை வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, இரவு குளிர்ந்ததும் நின்று, பலவீனமாகிவிடும். சித்திரை, வைகாசியில் அடை வைத்ததில் பாதி அழுகிப்போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

பழைய வழி இன்றும் நல்ல வழி. அகன்ற மண்பானையில் மணலைக் கொட்டி, பானையின் வெளிப்பக்கம் ஈரச் சாக்கைச் சுற்றி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். முட்டையின் கூர்முனை கீழே இருக்கும்படி மணலில் நிறுத்த வேண்டும். முட்டை நனையக் கூடாது. குளிர்சாதனப் பெட்டி இதற்கு ஏற்றதல்ல, அளவுக்கு மீறிய குளிர் கருவைப் பாதிக்கும்.

இன்னொன்று, முட்டையைக் கழுவாதீர்கள். ஓட்டின்மேல் கிருமியைத் தடுக்கும் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு, கழுவினால் போய்விடும். எச்சம் அப்பிய முட்டையைச் சமையலுக்கு அனுப்பிவிட்டுச் சுத்தமானதை வையுங்கள். கீறல் விட்டது, மிகச் சிறியது, மிகப் பெரியது, ஓடு மெலிந்தது எல்லாவற்றையும் விலக்குங்கள்.

நீள முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை வருமா?

வராது. பாட்டி சொன்னது என்பதால் மறுக்க மனமில்லாமல் நானும் இரண்டு முறை பிரித்து வைத்துப் பார்த்தேன், இரண்டிலும் கலந்தேதான் வந்தது. கோழியில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது பெட்டையின் இனக்கூறு (குரோமோசோம்). முட்டை வெளியே வருமுன்பே அது முடிவாகிவிடுகிறது. முட்டையின் வடிவத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எத்தனை முட்டை? எங்கே வைப்பது?

சிறுவிடைக்குப் பத்து, நல்ல உடம்புள்ள பெட்டைக்குப் பன்னிரண்டு. எல்லா முட்டையும் வயிற்றுக்கு அடியில் மறைய வேண்டும். வெளியே தெரியும் முட்டை குளிரும். அதோடு விடாது. கோழி முட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருப்பதால் இன்று ஓரத்தில் குளிர்ந்தது நாளை நடுவுக்குப் போகும், நடுவில் இருந்தது ஓரத்துக்கு வரும். மூன்று முட்டை கூடுதலாக வைத்தால் கெடுவது மூன்றோடு நிற்காது.

அகன்ற கூடை அல்லது சட்டியில் மணலோ தவிடோ போட்டு, நடுவில் குழியாக வைக்கோலைப் பரப்புங்கள். இருட்டான, காற்று வரும், மழை படாத, மற்ற கோழிகள் வராத இடம் வேண்டும். வைக்கோலுக்கு அடியில் வேப்பிலை போடலாம். செள், பேன் தொல்லை இருந்தால் கோழி கூட்டில் நிற்காது. அதனால் அடை வைக்கும் முன்பே கோழியின் இறக்கை அடியையும் ஆசனவாய்ப் பக்கத்தையும் விலக்கிப் பார்த்துவிடுங்கள்.

எறும்பை மறக்காதீர்கள். ஓடு உடையும் ஈர வாசனைக்குச் செவ்வெறும்பு வந்தால் பாதி வெளிவந்த குஞ்சை அப்படியே தின்றுவிடும். கூடையை நாற்காலியிலோ பலகையிலோ வைத்து, கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவதுதான் உறுதியான காப்பு.

இடி இடித்தால் முட்டை கெட்டுவிடுமா? இரும்பும் கரியும் வைக்கச் சொல்கிறார்களே?

இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய் மூன்றையும் அடைக்கூடையில் போடுவது பல ஊர்களில் வழக்கம். வைப்பதால் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் இடிச் சத்தத்தால் கரு சாவதில்லை. மழைக்காலத்தில் நடப்பது வேறு: கூரை ஒழுகிக் கூடை நனையும், கோழி மிரண்டு எழுந்து நெடுநேரம் திரும்பாது, காற்றின் ஈரம் ஏறிவிடும். பழி இடிக்குப் போய்ச் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடை வைப்பதாக இருந்தால் முதலில் கூரையைப் பாருங்கள். என் அனுபவத்தில் தை, மாசி அடைதான் சிறப்பு.

அடைக்கோழி சாப்பிட எழவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

ஒரு நாளைக்கு ஒருமுறை, பதினைந்து இருபது நிமிடம் எழுவதுதான் அதன் வழக்கம். எழாத கோழியை நீங்களே மெதுவாகத் தூக்கி வெளியே விடுங்கள். இறக்கைக்குள் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்துத் தூக்குங்கள். சோளம், கம்பு, நிறையத் தண்ணீர், மண்ணில் புரள ஓர் இடம் கொடுங்கள். பெரிதாக, கெட்ட நாற்றத்தோடு எச்சமிடும், அது இயல்பு. அதைக் கூட்டுக்குள் போடவிட்டால் முட்டை நாசம்.

உள்ளே குஞ்சு வளர்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஏழாம் நாள் இரவு, இருட்டறையில் செல்போன் விளக்கின்மேல் முட்டையின் அகன்ற முனையை வைத்துப் பாருங்கள். சிலந்தி போல நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து சிவப்பு நரம்புகள் ஓடினால் கரு உயிரோடு இருக்கிறது. தெளிவாக மஞ்சளாகத் தெரிந்தால் கரு இல்லை. நரம்பு இல்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் வளரத் தொடங்கி இறந்தது. கடைசி இரண்டையும் எடுத்துவிடுங்கள். பதினான்காம் நாள் இன்னொருமுறை பார்க்கலாம். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொடவே வேண்டாம். வெந்நீரில் மிதக்கவிட்டு ஆடுகிறதா என்று பார்க்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளையோ கீறலோ இருந்தால் உள்ளே தண்ணீர் போய்விடும்.

இன்குபேட்டரில் வைக்கலாமா?

வைக்கலாம். விசிறி உள்ள பெட்டி என்றால் 37.5 டிகிரி செல்சியஸ். விசிறி இல்லாத தெர்மாகோல் பெட்டி என்றால் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.5 டிகிரி அளவில். தெர்மாமீட்டரைப் பெட்டியின் சுவரில் மாட்டிவிட்டு முட்டை வேகிறது என்று வருந்துபவர்கள் பலர். அளக்க வேண்டியது முட்டை இருக்கும் மட்டத்தில்.

ஈரப்பதம் முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70. முதல் 18 நாளும் ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து முறை புரட்ட வேண்டும். ஒற்றைப்படை எண் ஏன் என்றால், நீண்ட இரவில் ஒவ்வொரு நாளும் வேறு பக்கம் மேலே வரும். புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். 18ஆம் நாள் புரட்டுவதை நிறுத்தி, பெட்டியை மூடிவிட்டால் பொரித்து முடியும் வரை திறக்காதீர்கள்.

கரண்ட் போய்விட்டால்?

பதறாதீர்கள். பெட்டியைத் திறக்காமல் கம்பளியால் மூடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் வெப்பம் குறைவதைக் கரு தாங்கும். நெடுநேரமானால் வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணி சுற்றி ஓரத்தில் வைக்கலாம். பயப்பட வேண்டியது குளிருக்கு அல்ல, சூட்டுக்கு. 40 டிகிரிக்கு மேல் ஏறி நின்றால் மொத்த முட்டையும் போய்விடலாம்.

ஓட்டில் ஓட்டை போட்டுவிட்டு அப்படியே நிற்கிறது. உடைத்து எடுக்கலாமா?

இருபத்தோராம் நாள் எல்லோரும் செய்யும் தவறு இதுதான், நானும் செய்திருக்கிறேன். முதல் ஓட்டை விழுந்ததிலிருந்து குஞ்சு முழுதாக வெளிவர 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் அது சும்மா இல்லை. நுரையீரலால் மூச்சுவிடப் பழகுகிறது, சவ்வில் இருக்கும் இரத்தத்தையும் வயிற்றுக்கு வெளியே மிச்சமிருக்கும் மஞ்சள் கருவையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. எட்டு மணி நேரம் பொறுத்துவிட்டு, பாவம் என்று ஓட்டைப் பிரித்தேன். சவ்வு நரம்பு கிழிந்து இரத்தம் வந்தது. தொப்புள் மூடாத குஞ்சு என் உள்ளங்கையிலேயே அடங்கியது. இன்றும் நினைத்தால் கை கூசுகிறது.

24 மணி நேரம் தாண்டி, சவ்வு காய்ந்து பழுப்பாக இறுகிவிட்டது என்றால் மட்டும், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரமாக்குங்கள். மூக்கின் மேல் தண்ணீர் படக் கூடாது. மீதியைக் குஞ்சே செய்யட்டும்.

பொரித்த குஞ்சுக்கு முதலில் என்ன கொடுப்பது?

முதல் நாள் அவசரம் எதுவும் இல்லை. உள்ளே இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாள் வரை தாங்கும். எல்லாம் பொரித்து, இறகு காய்ந்த பிறகு இறக்குங்கள். முதலில் தண்ணீர், அப்புறம்தான் இரை. கொதித்து ஆறிய நீரில் கொஞ்சம் வெல்லம் கலந்து முதல் சில மணி நேரம் கொடுக்கலாம், பிறகு வெறும் நீர். தட்டையான தட்டில், நடுவே சுத்தமான கூழாங்கற்களைப் போட்டு வையுங்கள். ஆழமான கிண்ணத்தில் விழுந்து சாகும் குஞ்சு எத்தனையோ.

தாய் இல்லாத குஞ்சுக்கு பல்பு எப்படிப் போடுவது?

முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறையுங்கள். பழைய குண்டு பல்புதான் சூடு தரும், எல்இடி தராது. ஆனால் தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளே நன்றாகச் சொல்லும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு. பரவலாக மேய்ந்துகொண்டிருந்தால் சரி. ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் காற்று அடிக்கிறது. கோடைப் பகலில் பல்பே தேவைப்படாமல் போகலாம்.

தடுப்பை வட்டமாக அமையுங்கள். சதுரப் பெட்டியின் மூலையில் இரவு குவிந்து அடிக்குஞ்சு மூச்சு முட்டிச் சாகும். தரையில் இரண்டு அங்குலம் நெல் உமி போட்டு, மேலே சாக்கு விரியுங்கள். வெறும் செய்தித்தாள் வழுக்கிக் கால் அகன்றுவிடும். பல்பைக் கயிற்றில் மட்டும் தொங்கவிடாமல் கம்பியாலும் கட்டுங்கள். உமியில் விழுந்தால் தீப்பிடிக்கும்.

என்ன தீவனம்? அரிசிக் குருணை மட்டும் போதாதா?

போதாது. குருணை வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. முதல் எட்டு வாரம் இருபது சதவீதத்துக்கு அருகே புரதம் வேண்டும். கடையில் குஞ்சுத் தீவனம் என்று கேட்டு வாங்கி முதல் மாதமாவது கொடுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடக் கூடாது, அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வீட்டிலேயே புரதம் தேட நம்மிடம் கரையான் பானை இருக்கிறது. பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலை, வைக்கோல் போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் நிமிர்த்தினால் குஞ்சுகளுக்கு விருந்து. பூச்சிமருந்து தெளித்த நிலத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

தடுப்பூசி கட்டாயமா? பத்துக் குஞ்சுக்குப் போய்…

கட்டாயம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்வது ராணிக்கெட் நோய். இந்தியாவில் முதலில் இமயமலையில் உள்ள மலை ஊரான ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, மூச்சு இழுத்து, நான்கைந்து நாளில் கொல்லை காலியாகிவிடும். வைரஸ் நோய், வந்தபின் மருந்து கிடையாது.

ஏழாம் நாள் லசோட்டா அல்லது எஃப்1 சொட்டு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. ஏழாம் நாள் ஏன்? தாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தால் அதன் எதிர்ப்புச் சக்தி மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கு வந்திருக்கும். அது குறையத் தொடங்கும் நேரம் பார்த்துக் கொடுக்கிறோம். நான்காம் வாரம் லசோட்டா இன்னொருமுறை. எட்டாம் வாரம் இறக்கையின் தோலுக்கு அடியில் ஆர்.2பி ஊசி, அரை மில்லி. இந்த ஊசி வீரியமானது. சின்னக் குஞ்சுக்கோ நோயில் இருக்கும் கோழிக்கோ போடக் கூடாது.

மருந்துப் புட்டி நூறு, இருநூறு கோழிக்கென்று வரும். கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். எனவே தெருவில் நான்கைந்து வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுவதுதான் வழி. வாங்கி வரும்போது ஐஸ்கட்டியோடு கொண்டுவாருங்கள். சூட்டில் வந்த மருந்து வெறும் தண்ணீர். தமிழகக் கால்நடைத் துறை பிப்ரவரியில் இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்தும். கோடையில் நோய் பரவும், அதற்கு முன்னால் போடவேண்டும் என்பதுதான் கணக்கு. அந்த முகாமைத் தவறவிடாதீர்கள், ஆனால் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம்.

கீழாநெல்லி, மஞ்சள், சின்ன வெங்காயம் கொடுத்தால் போதாதா?

கொடுங்கள், நானும் கொடுக்கிறேன். சீரகம், மிளகு, பூண்டு, மஞ்சள் எல்லாம் சேர்த்து அரைத்துத் தீவனத்தில் கலந்தால் குஞ்சு விரும்பித் தின்னும். ஆனால் அது தடுப்பூசிக்கு மாற்று அல்ல. இதை நம்பித் தடுப்பூசி போடாமல் விட்டவர்களின் வெற்றுக் கூண்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

எச்சத்தில் இரத்தம் வருகிறது. முகத்தில் கொப்புளம் வருகிறது. இரண்டும் என்ன?

இரத்தம் என்றால் இரத்தக் கழிச்சல். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சில் வரும். காரணம் ஈரமான உமியில் பெருகும் ஒட்டுண்ணி. நனைந்த உமியை அள்ளிவிட்டு அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள். இதற்கு மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால் பிழைக்கும்.

கொப்புளம் அம்மை. கொசு பரப்பும். வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவலாம். கண் மூடிக்கொண்ட குஞ்சுக்கு இரை தெரியாது, கையால் ஊட்டினால் பெரும்பாலும் தேறிவிடும்.

பருந்தும் காகமும் தூக்கிக்கொண்டு போகின்றன.

முதல் மூன்று வாரம் தாயையும் குஞ்சையும் பஞ்சாரம் என்ற கூடையால் கவிழ்த்து வைத்து, நீங்கள் அருகில் இருக்கும்போது மட்டும் திறந்துவிடுங்கள். பருந்தைவிடக் காகம்தான் அதிகம் திருடும். செடி, புதர் உள்ள கொல்லையில் குஞ்சு ஓடி ஒளியும். மொட்டைக் களத்தில் வழியில்லை. இரவில் கீரிக்கும் பெருச்சாளிக்கும் பஞ்சாரம் போதாது, அரை அங்குலக் கம்பிவலை அடித்த கூண்டு வேண்டும்.

வாத்து முட்டையை அடைக்கோழியிடம் வைக்கலாமா?

வைக்கலாம். 28 நாள் ஆகும், கோழி பொறுமையாகப் படுக்கும். பெரிய முட்டை என்பதால் ஐந்தாறு போதும். கோழி முட்டையோடு கலந்து ஒரே நாளில் வைக்காதீர்கள்.

அடை வேண்டாம், தெளிய வைக்க வேண்டும். மூக்கில் இறகு குத்தலாமா?

வேண்டாம். தண்ணீரில் முக்குவதும் வேண்டாம். அடியில் காற்று வரும்படி கம்பித் தளமுள்ள கூண்டில், வைக்கோல் இல்லாமல், இரையும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விடுங்கள். வயிற்றுச் சூடு தணிந்து தானாகத் தெளியும்.

தாய் குஞ்சுகளைக் கொத்தி விரட்டுகிறது. நோயா?

நோய் இல்லை. இரண்டு மாதம் ஆகியிருக்கும், அது மறுபடி முட்டையிடத் தயாராகிறது. கொஞ்ச நாள் குஞ்சுகள் கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடும், மாலையில் பழைய இடத்துக்கே போய் நிற்கும். அவற்றுக்குத் தனியாக ஒரு தாழ்வான கம்பு கட்டி, பெரிய கோழிகள் நுழையாத இடத்தில் தீவனம் வையுங்கள். ஆர்.2பி ஊசிக்கும் இதுதான் நேரம். ஊசி போடும்போதே எத்தனை நிற்கின்றன என்று எண்ணி, அடை வைத்த தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.